மார்ச் வந்தால் முழங்கையில் படை: டென்ஷன்தான் காரணமா?

மார்ச்31 (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். வங்கிக் கிளையில் வேலை. சோரியாசிஸ் (தோல் தடித்துச் செதிலாக உதிரும் படை) என்று உறுதியாகிச் சில வருடம் ஆகிறது. இரண்டு முழங்கை, தலையில் முடியோரம், இப்போது காதுக்குப் பின்னாலும். மற்ற மாதங்களில் ஆயின்மென்ட் போட்டால் அடங்கிக் கிடக்கும். பிப்ரவரி கடைசியில் ஆரம்பிக்கும் பாருங்கள்: வருடக் கணக்கு, வராக்கடன் பட்டியல், ஆடிட்டர், மேலிடத்திலிருந்து மணிக்கொரு போன். ஏப்ரல் முதல் வாரத்தில் சட்டைக் கையை மடித்துவிட முடியாது. கருப்பு பேன்ட் போட்டால் மடியெல்லாம் வெள்ளைச் செதில். கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் பணத்தை வாங்கும்போது என் விரலில் படாமல் வாங்குகிறார்கள்.

வீட்டில், "டென்ஷனை விடு, எல்லாம் சரியாகிடும்." டாக்டரும் சீட்டு எழுதிக்கொண்டே அதையேதான் சொல்கிறார். எப்படி விடுவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. டென்ஷன் உண்மையிலேயே தோலுக்குள் போய் ஏதாவது செய்கிறதா, இல்லை காரணம் தெரியாதபோது சொல்கிற சமாளிப்பா?

சந்தேகப்பேர்வழி (சென்னை)

சமாளிப்புதான். எங்கள் அத்தைக்குப் பின்கழுத்து கருத்துத் தடித்துக்கொண்டே போனது. "பொண்ணு கல்யாணக் கவலை, அதான்" என்று குடும்பமே தீர்ப்பு எழுதிவிட்டது. அவரும் பீர்க்கங்காய் நாரை வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டார். கடைசியில் வேறு எதற்கோ ரத்தம் கொடுத்தபோது பார்த்தால் சர்க்கரை எகிறிக் கிடக்கிறது.

ஓய்வு_தோல்டாக்டர் (மதுரை)

அரசு மருத்துவமனையில் தோல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே யாருக்கும் வைத்தியம் பார்க்க முடியாது, விளக்கம் மட்டும் சொல்கிறேன்.

சந்தேகப்பேர்வழி சொன்னது சரி. பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணி மாதிரி கருத்துத் தடித்தால் முதலில் பார்க்க வேண்டியது உடல் எடையும் சர்க்கரையும்தான். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. தேய்த்தால் போகாது. அங்கே டென்ஷன் என்று சொன்னது தவறு. அதற்காக எல்லா இடத்திலும் தவறு ஆகிவிடாது.

கருவில் மூளையும் நரம்பும் உருவாகிற அதே வெளி அடுக்கிலிருந்துதான் மேல்தோலும் உருவாகிறது. வளர்ந்த பிறகும் அந்த உறவு அறுவதில்லை. மனம் பதறினால் செய்தி இரண்டு வழியாகத் தோலுக்கு வருகிறது. நரம்பு வழியாக வருவது நொடியில் வந்துவிடும்: உள்ளங்கை வேர்க்கும், முகம் சிவக்கும், மயிர் சிலிர்க்கும். இன்னொன்று சுரப்பி வழி. மூளைக்குள் ஹைப்போதலாமஸ் உத்தரவிட, பிட்யூட்டரி அதைக் கீழே அனுப்ப, சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசாலை விடும். இதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும், விளைவும் நீண்ட நேரம் நிற்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் தோல் செல்களே இந்த ஹார்மோன்களைச் சிறிய அளவில் தயாரித்துக்கொள்கின்றன.

சோரியாசிஸ் கதைக்கு வருவோம். சாதாரணத் தோலில், அடியில் பிறந்த செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். படையுள்ள இடத்தில் அதே பயணம் சில நாட்களில் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்று செதிலாக உதிர்கின்றன. இந்த அவசரத்தைத் தூண்டுவது நோய் எதிர்ப்பு அணுக்கள். அவற்றைச் சீண்டிவிடும் பொருட்களில் சில, நரம்பு நுனியிலிருந்தே கசிகின்றன. சப்ஸ்டன்ஸ் பி என்று ஒன்று உண்டு, அது இந்த வகை. நரம்புக்கு இதில் பங்கு இருப்பதை எனக்கு மிகவும் நம்பவைத்தது வேறொரு விஷயம். விபத்திலோ அறுவை சிகிச்சையிலோ ஒரு இடத்து நரம்பு அறுபட்டபோது, அந்த இடத்தில் மட்டும் படை மறைந்ததாகவும், உணர்ச்சி திரும்பியபோது படையும் திரும்பியதாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன.

ஆனால் டென்ஷன் மட்டுமே ஒருவருக்குச் சோரியாசிஸைக் கொண்டுவந்துவிடாது. மரபில் அதற்கான வாகு இருக்க வேண்டும். நீறு பூத்த நெருப்பு அது. தொண்டைப் புண், குளிர், தோலில் சிராய்ப்பு, சில மாத்திரைகள், மது, மனக்கவலை என்று யார் வேண்டுமானாலும் ஊதிவிடலாம். ஒட்டுவாரொட்டி இல்லை என்பதை உங்கள் கவுன்ட்டரில் எழுதியே ஒட்டலாம்.

சந்தேகப்பேர்வழி

டாக்டர், ஒரு இடிக்கிற விஷயம். கார்டிசால் என்பது ஸ்டீராய்டு. நீங்கள் படைக்கு எழுதித் தருவதும் ஸ்டீராய்டு. டென்ஷனில் உடம்பே கார்டிசாலைக் கொட்டுகிறது என்றால் படை மறையத்தானே வேண்டும்? ஏன் கூடுகிறது?

மல்லித்தழை (திருச்சி)

அதானே!

ஓய்வு_தோல்டாக்டர்

மாணவர்களிடம் நான் கேட்கிற கேள்வியை என்னிடமே கேட்டுவிட்டீர்கள்.

கொஞ்ச நேரப் பதற்றமும் மாதக்கணக்கான பதற்றமும் வேறு வேறு. ஒரு மணி நேரப் பதற்றத்தில் கார்டிசால் ஏறி இறங்கிவிடும், அது அழற்சியை அடக்கவே செய்யும். வாரக்கணக்கில் நீண்டால் எதிர்ப்பு அணுக்கள் அந்தக் குரலுக்குச் செவிசாய்ப்பதைக் குறைத்துவிடுகின்றன. இது ஒன்று. சோரியாசிஸ் உள்ளவர்களில், குறிப்பாக "எனக்கு டென்ஷனில் கூடும்" என்பவர்களில், பதற்ற நேரத்தில் எழ வேண்டிய அளவு கார்டிசால் எழுவதில்லை என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதாவது தீயணைப்பு வண்டியே கிளம்பவில்லை. மூன்றாவது, கார்டிசால் அழற்சியை அடக்கினாலும் தோலின் மேலடுக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் கொழுப்புப் பூச்சைக் குறைத்துவிடும். தோல் வறண்டு, அரித்து, நாம் சொறிந்து, சொறிந்த இடத்தில் புதிய படை. நரம்பு வழிக்கும் கார்டிசாலுக்கும் சம்பந்தமே இல்லை, அது தன்பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

மேலடுக்கு விஷயம் வெறும் ஊகமில்லை. ஒட்டும் டேப்பைத் தோலில் ஒட்டி ஒட்டி உரித்தால் மேலடுக்கு மெலியும், ஈரம் கசியும். அது எவ்வளவு சீக்கிரம் மூடிக்கொள்கிறது என்று கருவியால் அளக்கலாம். 2001-ல் அமெரிக்காவில் மாணவர்களை வைத்து இப்படி அளந்தார்கள். விடுமுறை முடிந்து வந்தபோது சீக்கிரம் மூடிய தோல், தேர்வு நேரத்தில் தாமதமாக மூடியது.

சிங்கைவாசி (சிங்கப்பூர்)

எங்கள் ஊரிலும் ஒன்று செய்தார்கள், 2007-ல் வெளிவந்தது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் 94 பேர். தேர்வு நேரத்தில் ஒருமுறை, சும்மா இருக்கும் நேரத்தில் ஒருமுறை முகத்தைப் பார்த்தார்கள். மன அழுத்தம் கூடக் கூடச் சிவந்த பருக்களின் கடுமை கூடியது. ஆனால் முகத்தில் சுரந்த எண்ணெயின் அளவில் பெரிய மாற்றம் இல்லை! "டென்ஷனில் எண்ணெய் வழிகிறது, அதனால் பரு" என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது அதோடு போச்சு. இந்த ஊரில் வருடம் முழுக்க ஒரே வெக்கை என்பதால் பருவநிலை மாற்றத்தின் மேல் பழி போடவும் வழியில்லை.

என் மகளுக்கு ஓ லெவல் (பள்ளி இறுதிப் பொதுத்தேர்வு) வருடம். புத்தகத்தை வலது கையில் பிடித்திருப்பாள், இடது கை தாடையைத் தடவிக்கொண்டே இருக்கும், எங்கே மேடு என்று தேடி. கிடைத்தால் நகத்தால் நெருடல். இடது பக்கத் தாடையில்தான் பரு அதிகம், வடுவும் அங்கேதான். ஹார்மோனுக்கு இடது வலது தெரியுமா என்ன?

ஈரோடு_பார்லர்க்காரி

சிங்கை அக்கா, லட்சம் ரூபாய்ப் பேச்சு. பார்லர் நடத்துகிறேன், கல்யாணப் பெண்களோடுதான் எனக்குப் பிழைப்பு. தேதி நெருங்க நெருங்கத் தூக்கம் போகும், சாப்பாடு போகும், கண்ணாடி முன்னால் நிற்கிற நேரம் மட்டும் கூடும். போனில் டார்ச் அடித்துப் பருவைத் தேடுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். எலுமிச்சை, சோடா மாவு, யாரோ வெளியூரிலிருந்து அனுப்பிய சீரம், எல்லாம் ஒரே வாரத்தில் ஒரே முகத்தில். முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னால் எரியுது அக்கா என்று வந்து நிற்பார்கள். என் கடையில் விதி: கடைசி ஒரு மாதம் புதுசாக எதுவும் கிடையாது. ஃபேஷியல் கேட்டாலும் கிடையாது. வருமானம் போனால் போகட்டும்.

பார்மசி_அண்ணாச்சி (நெல்லை)

அந்த எரிகிற முகம் அடுத்து எங்கே வரும் தெரியுமா தங்கச்சி? என் கடைக்குத்தான். காலி ட்யூபை நீட்டி, "இதே மாதிரி ஒண்ணு." பார்த்தால் குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு இருக்கும், கூடவே பூஞ்சை மருந்து ஒன்று, பாக்டீரியா மருந்து ஒன்று, மூன்றும் கலந்த கலவை. பக்கத்து வீட்டில் கொடுத்தார்களாம். முதல் வாரம் முகம் பளபளக்கும். அரிப்பு நிற்கும், பரு அமுங்கும், நிறமும் வெளுத்த மாதிரி தெரியும். மூன்று நாலு மாதத்தில் தோல் காகிதமாய் மெலிந்து ரத்தக் குழாய் கோடு கோடாய்த் தெரியும், பொம்பளைப் பிள்ளைக்குக் கன்னத்தில் முடி வரும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாக எரியும். எரிகிறதே என்று மறுபடி போடுவார்கள். 2018-ல் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தார்கள். சட்டம் வந்தது. நான் இல்லை என்றால் இரண்டு கடை தள்ளிக் கிடைக்கிறது, அதுவும் உண்மை.

தொடையிடுக்கில் வட்டமாய் அரிப்பு, "அலைச்சல், டென்ஷன், சூடு" என்று இதே கலவையைப் போடுகிற டிரைவர் தம்பிகள் எத்தனையோ பேர். அது படர்தாமரை. ஸ்டீராய்டு போட்டால் சிவப்பு மங்கும், பூஞ்சை உள்ளே பரவும். பிறகு டாக்டரே பார்த்தாலும் சட்டென்று அடையாளம் தெரியாது.

மல்லித்தழை

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன், இன்றுதான் கேட்கத் தோன்றியது. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் மாமியாரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அரிவாள்மனையில் கட்டைவிரலில் சின்னதாகக் கீறிக்கொண்டேன், ஆறவே மாட்டேன் என்கிறது. சர்க்கரை பார்த்தாகிவிட்டது, மூன்று மாத சராசரியும் பார்த்தாகிவிட்டது, இல்லை. (சந்தேகப்பேர்வழி அண்ணா, உங்களுக்காகத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.) முடியும் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. இதுவும் அதுதானா?

ஓய்வு_தோல்டாக்டர்

அம்மா, உங்களைப் போன்றவர்களை வைத்தே செய்த ஆய்வு உண்டு. 1995-ல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர், மறதி நோய் வந்த உறவினரைப் பராமரிக்கும் பெண்கள் 13 பேரையும், அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் கையில் ஒரே அளவு சிறு துளைக் காயம், மூன்றரை மில்லிமீட்டர். பராமரிப்பவர்களுக்கு அது முழுவதும் ஆற ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. அடுத்து பல் மருத்துவ மாணவர்கள் 11 பேருக்கு மேலண்ணத்தில் அதே அளவு காயம், விடுமுறையில் ஒன்று, தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் ஒன்று. தேர்வு நேரத்துக் காயம் 40 சதவீதம் தாமதமாக ஆறியது. சின்னக் கூட்டம்தான், இருந்தாலும் ஒரே ஆளையே இரண்டு காலத்தில் ஒப்பிட்டதால் எனக்கு அதன்மேல் மதிப்பு.

ஆனால் உங்கள் கட்டைவிரலுக்கு நான் இதை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். நாள் முழுக்கத் தண்ணீர், சோப்பு, டெட்டால், ஈரத்துணி என்று கை நனைந்துகொண்டே இருக்கும் இல்லையா? ஊறிய தோல் ஒட்டாது. பருத்திக் கையுறை, அதன்மேல் ரப்பர் கையுறை, இரவில் வாசலின். ஓரிரண்டு வாரத்தில் மூடாவிட்டால் நேரில் காட்டுங்கள்.

முடி வேறு கணக்கு. ஒரு பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு, காய்ச்சலோ பிரசவமோ துக்கமோ, வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் பெரும்பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவை உதிர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதனால் கொட்டும்போது நடந்தது மறந்தே போயிருக்கும், போன வாரம் மாற்றிய ஷாம்புவைத் திட்டுவோம். மாமியாருக்கு எப்போது வந்தது என்று எண்ணிப் பாருங்கள். இந்த வகை உதிர்வு பெரும்பாலும் தானே திரும்பி வளரும். இரும்புச் சத்து இருப்பும் தைராய்டும் மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மல்லித்தழை

தீபாவளிக்கு மறுநாள் வந்தது டாக்டர். கொட்ட ஆரம்பித்தது தை மாதம். சரியாக இருக்கிறது.

ஈரோடு_பார்லர்க்காரி

மல்லி அக்கா, ராத்திரிக்கு ஒருநாள் விட்டு ஒருநாளாவது வேறு யாரையாவது எழச் சொல்லுங்கள். வீட்டில் ஆம்பளைகள் இருக்கிறார்கள்தானே?

மல்லித்தழை

இருக்கிறார்கள். :)

சந்தேகப்பேர்வழி

சரி, ஒரே ராத்திரியில் தலை நரைத்தது என்ற கதையாவது பொய்தானே?

ஓய்வு_தோல்டாக்டர்

அது பொய்தான். வெளியே வந்துவிட்ட முடியில் உயிர் இல்லை, அதன் நிறத்தை மனம் மாற்ற முடியாது. ஆனால் அழுத்தத்துக்கும் நரைக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2020-ல் ஹார்வர்டில் எலிகளில் காட்டினார்கள்: பதற்ற நேரத்தில் நரம்பு நுனி விடும் நாரட்ரினலின், முடிக்கு நிறம் தரும் செல்களின் கையிருப்பையே தீர்த்துவிடுகிறது. அட்ரினல் சுரப்பியை எடுத்துவிட்ட எலிக்கும் நரைத்தது. எலிக்கு அவ்வளவு வேகமாக நடப்பது மனிதனுக்கு அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன்.

மார்ச்31, உங்களிடம் இரண்டு கேள்வி. வேலை செய்யும்போது முழங்கையை மேசையில் ஊன்றுவீர்களா? பிபிக்கோ வேறு எதற்கோ மாத்திரை உண்டா?

மார்ச்31

ஊன்றுவது உண்மை. கண்ணாடி போட்ட மேசை, ஒரு பக்கம் லெட்ஜர், போன் காதில். விளிம்பு படுகிற இடத்தில்தான் இரண்டு கையிலும் படை தடிமன். இதை நான் கவனித்ததே இல்லை.

பிபி இல்லை. ஆனால் கணக்கு முடிக்கிற சமயத்தில் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம் வரும். அதற்கு ஒரு டாக்டர் ப்ரோப்ரனலால் எழுதினார். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை எடுப்பேன். தோல் டாக்டரிடம் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னாலும் மார்ச்சில் படை கூடத்தான் செய்தது. காதுக்குப் பின்னால் வந்தது மட்டும் அதற்குப் பிறகு.

பார்மசி_அண்ணாச்சி

அடடா. பீட்டா பிளாக்கர், இதயத் துடிப்பைத் தணிக்கிற வகை மாத்திரை.

ஓய்வு_தோல்டாக்டர்

ஆமாம் அண்ணாச்சி. அந்த வகை மாத்திரைகள் சிலருக்குச் சோரியாசிஸைக் கிளப்பிவிடும், பாடப் புத்தகத்திலேயே இருக்கிற விஷயம். மனக்கவலைக்கு வாங்கிய மாத்திரை படையைக் கூட்ட, அந்தப் பழியும் கவலையின் தலையில் விழுந்திருக்கலாம். லாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் முன்பும் கூடியது என்கிறீர்கள். தம்பி, இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் நெஞ்சுக்கு ஆபத்து வரலாம். எழுதிக் கொடுத்தவரிடம் "எனக்குச் சோரியாசிஸ் இருக்கிறது, வேறு வழி உண்டா" என்று கேளுங்கள், படிப்படியாக மாற்றுவார்.

மேசை விளிம்பில் தடிமனான ரெக்ஸின் ஒட்டுங்கள், இல்லையென்றால் துண்டை மடித்துப் போடுங்கள். அழுத்தமும் உரசலும் படுகிற இடத்தில் படை விரும்பி வரும். இழுப்பறையில் ஒரு டப்பா தேங்காய் எண்ணெயோ வாசலினோ வைத்துக்கொள்ளுங்கள், அரித்தால் நகம் போகாமல் அதில் கை போகட்டும். மூட்டு வலி, காலையில் விரல் விறைப்பு ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாமல் சொல்ல வேண்டும், சோரியாசிஸ் மூட்டையும் பிடிக்கும்.

மனசைப் பற்றி: 1998-ல் மாசசூசெட்ஸில் புற ஊதா ஒளி சிகிச்சைக்கு வந்த சோரியாசிஸ்காரர்கள் 37 பேரில் ஒரு பாதிக்கு, ஒளிப்பெட்டிக்குள் நிற்கும்போதே மூச்சையும் உடம்பையும் கவனிக்கச் சொல்லும் ஒலிநாடாவைப் போட்டார்கள். கேட்டவர்களுக்குப் படை கணிசமாகச் சீக்கிரம் மறைந்தது. கவனியுங்கள், ஒளி சிகிச்சையும் கூடவே இருந்தது. தியானம் மட்டும் போதும் என்று அதிலிருந்து யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உங்களுக்கு எந்த மாதம் கூடும் என்று முன்கூட்டியே தெரிகிறது. பலருக்குக் கிடைக்காத வசதி அது. ஜனவரியிலேயே தோல் டாக்டரைப் பாருங்கள். மார்ச்சில் முற்றிய பிறகு போனால் அவர் கையில் இருக்கும் வழிகள் குறைவு.

மார்ச்31

ரெக்ஸின் இன்றே வாங்கிவிட்டேன் டாக்டர். படபடப்பு டாக்டரிடம் சனிக்கிழமை போகிறேன். ஆயின்மென்ட் எவ்வளவு போடணும் என்பதும் எனக்குக் குழப்பம். சீட்டில் "மெல்லியதாக" என்று மட்டும் இருக்கிறது.

பார்மசி_அண்ணாச்சி

இதுக்கு நான் சொல்றேன் தம்பி. ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை ஒரு கோடு பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். உங்கள் உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, இரண்டு வைத்தால் எவ்வளவு மறைக்குமோ அவ்வளவு இடத்துக்கு அது போதும். இரண்டு முழங்கைக்கும் சேர்த்தே ஒரு கோடு தாராளம். காதுக்குப் பின்னால் தோல் மெல்லிசு, முழங்கைக்குக் கொடுத்த ட்யூபை அங்கே கொண்டுபோகாதீங்க. அதுக்குத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்க.